கொழுந்து லாரியின் வேகம் எங்கே இருக்கிறது?

மலைநாட்டுச் சங்கங்களின் பொதுப் பேரவைக் கூட்டங்களில் தவறாது எழும் கோரிக்கைகளுள் ஒன்று, "கொழுந்து லாரி விரைவில் வந்து விரைவில் போக வேண்டும்" என்பது. கோரிக்கை நியாயமானது. ஆனால் அதற்கு வழியாகச் சொல்லப்படுபவை பெரும்பாலும் இரண்டுதான்: புதிய லாரி வாங்க வேண்டும், அல்லது டிரைவர் இன்னும் வேகமாக ஓட்ட வேண்டும். முன்னதற்குப் பணம் வேண்டும். பின்னதற்கு நம் மலைச்சாலை இடந்தராது. இவ்விரண்டும் இல்லாமலே லாரியைச் சீக்கிரம் தொழிற்சாலைக்குக் கொண்டு சேர்க்க வழியுண்டா என்பதை அங்கத்தினர்களோடு சேர்ந்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நெசவாளர் சங்கத்தாருக்கும் இதில் எடுத்துக்கொள்ளத் தக்க விஷயம் உண்டு. அதைப் பின்னர்க் கூறுவோம்.

சேரங்கோட்டின் நிலை

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில், கேரள எல்லையை அடுத்து இருப்பது சேரங்கோடு. சேரம்பாடி, கொளப்பள்ளி, அய்யன்கொல்லி, எருமாடு, பிதர்காடு என்று அக்கம்பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் தேயிலையே முக்கியப் பயிர். அரசின் டான்டீ தோட்டங்களும், தனியார் தோட்டங்களும், ஓர் ஏக்கர் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயிகளின் நிலங்களும் இங்கே கலந்து கிடக்கின்றன.

பெரிய தோட்டத்துக்குத் தொழிற்சாலை அதன் நிலத்திலேயே இருக்கக்கூடும். சிறு விவசாயிக்கு அந்த வசதி இல்லை. அவருக்காகத்தான் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் தோன்றின. 1962-இல் குந்தாவில் முதல் தொழிற்சாலை ஏற்பட்டது; 1965-இல் அத்தகைய தொழிற்சாலைகளின் இணையமாக இன்ட்கோசர்வ் அமைந்தது. கூடலூர், பந்தலூர் பகுதிகளில் சாலிஸ்பரி, பந்தலூர், பிதர்காடு ஆகிய கூட்டுறவுத் தொழிற்சாலைகள் இந்த இணையத்தைச் சேர்ந்தவை. ஆகவே, சிறு விவசாயியின் தோட்டத்துக்கும் கூட்டுறவுத் தொழிற்சாலைக்கும் இடையே உள்ள தூரத்தைக் கடப்பது லாரியின் பொறுப்பாகிறது. அந்த லாரி தாமதித்தால் சங்கமே தாமதிக்கிறது என்று கொள்ளலாம்.

பறித்த கொழுந்து காத்திருக்காது

தேயிலைத் தூளையும் கொழுந்தையும் ஒரே சரக்காக எண்ணலாகாது. தூள் மூட்டையில் நனையாமல் இருந்தால் ஒரு வாரம் தாமதித்தாலும் பெருங்கேடு இல்லை. கொழுந்தின் தன்மை வேறு. செடியிலிருந்து கிள்ளிய பின்னும் அது சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. சுவாசிக்கும்போது வெப்பத்தை வெளிவிடுகிறது. அதன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு மேல் நீர். அதைச் சாக்கில் அழுத்தித் திணித்து, மூட்டைமேல் மூட்டையாக அடுக்கினால், உள்ளே பிறக்கும் வெப்பம் வெளியேற வழியின்றித் தங்குகிறது. வெப்பம் 35 டிகிரி செல்சியசைத் தாண்டினால் கொழுந்து கெடத் தொடங்கும். அழுந்திக் கசங்கிய இலையில், தொழிற்சாலையில் நடக்க வேண்டிய நொதித்தல் வழியிலேயே ஆரம்பித்துவிடும். வந்து சேர்ந்த பையைப் பிரிக்கும்போது அடியில் சிவந்த இலைகள் தென்படுவது இதனால்தான்.

ஒரு கிலோ தூள் தயாரிக்க நான்கு முதல் நான்கரைக் கிலோ கொழுந்து வேண்டும். சிவந்த இலை கலந்த கொழுந்திலிருந்து நல்ல சாயமும் மணமும் உள்ள தூள் வராது. குன்னூர் ஏலத்தில் அதற்கேற்ற விலையே கிடைக்கும். தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் கொழுந்து விலை, ஏலத்தில் விற்ற தூளின் சராசரி விலையை ஒட்டிக் கணக்கிடப்படுவது. சி.டி.சி. தூளுக்கு 65 பங்கு விவசாயிக்கு, 35 பங்கு தொழிற்சாலைக்கு என்பது அக்கணக்கின் அடிப்படை. ஆகவே, லாரியில் ஒரு மூட்டை வெந்துபோனால், நஷ்டம் அந்த மூட்டைக்குரியவரோடு நிற்பதில்லை. நல்ல கொழுந்து கொடுத்த அங்கத்தினரின் பங்கும் சேர்ந்தே குறைகிறது.

இன்னொரு நஷ்டமும் உண்டு. சங்கத்தின் லாரி வருமா, எப்போது வரும் என்று தெரியாத நாளில், வீட்டு வாசலுக்கே வந்து எடை போட்டு எடுத்துச் செல்லும் தனியார் முகவரிடம் அங்கத்தினர் கொழுந்தைக் கொடுத்துவிடுகிறார். அவரைக் குறை கூறிப் பயனில்லை. அவர் கையில் இருப்பது கெட்டுக்கொண்டிருக்கும் சரக்கு. ஒரு நாள் அவ்வாறு கொடுத்தவர் மறுமுறையும் கொடுப்பார். கொழுந்து குறைந்த தொழிற்சாலையில் எந்திரம் வீணே ஓடும்; கிலோவுக்கு ஆகும் செலவு ஏறும்; அங்கத்தினருக்குத் தரும் விலை குறையும்; அதனால் மேலும் சிலர் விலகுவர். லாரியின் தாமதம் சங்கத்தின் வேரை அரிப்பது இவ்வாறுதான்.

ஒரு கணக்கு

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லாரி தொழிற்சாலையிலிருந்து புறப்பட்டு, ஐந்து எடைக் கொட்டகைகளில் கொழுந்து ஏற்றித் திரும்புகிறது. போக வர 24 கிலோமீட்டர். வளைவும் ஏற்றமுமான சாலையில் மணிக்கு 16 கிலோமீட்டர் வேகம் என்று கொண்டால், ஓடும் நேரம் 90 நிமிஷம். ஒவ்வொரு கொட்டகையிலும் எடை போட்டு, சீட்டு எழுதி, மூட்டை ஏற்ற 25 நிமிஷம். ஐந்துக்கும் 125 நிமிஷம். தொழிற்சாலை வாயிலில் முறைக்காகக் காத்து நின்று இறக்க 75 நிமிஷம். ஆக மொத்தம் 290 நிமிஷம். அதாவது 4 மணி 50 நிமிஷம்.

இதில் லாரி ஓடியது 90 நிமிஷமே. மற்ற 200 நிமிஷமும் நின்றுகொண்டிருந்தது. டிரைவர் உயிரைப் பணயம் வைத்து மணிக்கு 20 கிலோமீட்டராக வேகத்தைக் கூட்டினாலும் ஓடும் நேரம் 72 நிமிஷமாகும். மிச்சம் 18 நிமிஷம்தான். வேகத்தைத் தொடாமல், லாரி வருமுன்பே எடை போட்டுச் சீட்டும் எழுதி வைத்து, கொட்டகைக்கு 12 நிமிஷம் என்று குறைத்தால் 65 நிமிஷம் மிச்சம். வாயிலில் நிற்பதை 25 நிமிஷமாகக் குறைத்தால் 50 நிமிஷம் மிச்சம். இரண்டும் சேர்ந்து 115 நிமிஷம். சுற்று 2 மணி 55 நிமிஷத்தில் முடிந்துவிடும். அதே லாரி அதே டிரைவரோடு அன்றைக்கே இரண்டாம் நடையும் போய்வர நேரம் இருக்கும்.

இலக்கங்கள் ஊருக்கு ஊர் மாறலாம். ஆனால் நேரத்தைக் குறித்துப் பார்க்கும் எந்தச் சங்கமும், நிற்கும் நேரத்தைக் குறைப்பதுதான் வேகத்தைக் கூட்டும் எளிய வழி என்பதை விரைவிலேயே உணரும்.

வாயிலில் வரிசை ஏன் நீள்கிறது?

"எங்கள் தொழிற்சாலை ஒரு மணியில் ஆறு லாரியை இறக்க வல்லது, வருவதோ ஐந்துதான். பிறகு ஏன் வரிசை?" என்று நிர்வாகிகள் வியப்பதுண்டு. இதற்கு விடை கணித நூலில் இருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த எர்லாங் என்பவர், தொலைபேசி நிலையத்தில் அழைப்புகள் காத்திருப்பதைப் பற்றி 1909-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். அவர் தொடங்கிவைத்த வரிசைக் கணிதம் லாரிக்கும் பொருந்தும்.

ஒரு லாரியை இறக்கச் சராசரியாக 10 நிமிஷம் ஆகிறது. லாரிகள் முன்பின்னாக வருகின்றன. இறக்கும் நேரமும் அவ்வாறே கூடியும் குறைந்தும் இருக்கிறது என்று கொள்வோம். மணிக்கு மூன்று லாரி வந்தால், சராசரிக் காத்திருப்பு 10 நிமிஷம். மணிக்கு ஐந்து வந்தால், காத்திருப்பு 50 நிமிஷமாகத் தாவுகிறது. வரவு இரு மடங்குகூட ஆகவில்லை. காத்திருப்போ ஐந்து மடங்கு. ஏனெனில், லாரி வராத நிமிஷங்களில் வீணான நேரத்தை, மூன்று லாரி ஒருங்கே வரும்போது திரும்பப் பெற முடியாது. கொழுந்து பெருகும் வாரங்களில் வாயிற்கதவு வரை லாரி நிற்பதற்குக் காரணம் இதுவே.

இதற்கு மருந்து இரண்டு. இறக்கும் இடத்தைப் பெருக்குவது ஒன்று. அதைவிட மலிவானது, லாரிகள் வரும் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது. சேரங்கோட்டுப் பக்கத்து லாரி 2 மணிக்கு, அய்யன்கொல்லிப் பக்கத்து லாரி 2-20-க்கு, அடுத்தது 2-40-க்கு என்று முறை வகுத்துவிட்டால், எல்லா லாரியும் மூன்று மணிக்கு ஒருங்கே வந்து மோதுவது நிற்கும். முறைநேரத்துக்குச் செலவு ஒன்றுமில்லை. கட்டுப்பாடு மட்டுமே வேண்டும்.

பிறர் கண்ட வழி

அமெரிக்காவில் வட கரோலினாவைச் சேர்ந்த மால்கம் மக்லீன் என்பவர் லாரி வைத்துப் பிழைத்தவர். 1937-இல் பருத்திப் பொதிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துக்குச் சென்றபோது, பொதிகளை ஒவ்வொன்றாகக் கப்பலில் ஏற்றும்வரை நாள் முழுதும் காத்திருக்க நேர்ந்ததாக அவர் பிற்காலத்தில் கூறினார். லாரியின் பெட்டியையே அப்படியே கப்பலில் தூக்கி வைத்தால் என்ன என்ற எண்ணம் நாளடைவில் உருப்பெற்றது. 1956 ஏப்ரல் 26-ஆம் நாள், 58 பெட்டிகளோடு அவருடைய 'ஐடியல் எக்ஸ்' கப்பல் நியூவார்க் துறையிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. டன்னுக்கு 5.86 டாலராக இருந்த ஏற்றுகூலி 16 சென்டுக்கும் குறைந்தது என்று கணக்கிட்டனர். கப்பல் முன்னைவிட வேகமாக ஓடியதால் வந்த லாபம் அன்று இது; நின்ற நேரம் ஒழிந்ததால் வந்தது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2017 ஜூலை 1-இல் சரக்கு சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2021 பிப்ரவரி நடுவில் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச் சாவடிகளில் 'ஃபாஸ்டேக்' கட்டாயமாயிற்று. இவற்றால் சாலை குறுகவும் இல்லை; லாரியின் எஞ்சினுக்குப் புதுப் பலம் வரவும் இல்லை. நிறுத்தங்கள் குறைந்தன, நாமக்கல் லாரி முன்னைவிட விரைவில் ஊர் சேர்ந்தது.

கூட்டுறவுக்காரர்களான நமக்கு இன்னும் நெருங்கிய உதாரணம் பால். 1946-இல் குஜராத்தின் ஆனந்தில் தோன்றிய கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் வகுத்த முறையில், கிராமச் சங்கம் காலையும் மாலையும் குறித்த வேளையில் பாலை அளந்து வாங்குகிறது. லாரியும் குறித்த வேளையில் வருகிறது. கேன் நிரம்பவில்லை என்று அது நிற்பதில்லை. கென்யா நாட்டில் 1964-இல் ஏற்பட்டு, 2000-இல் சிறு தேயிலை விவசாயிகளே உடைமையாளராகிவிட்ட தேயிலை வளர்ச்சி நிறுவனத்தில், அறுபதுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளுக்கு இவ்வாறே ஊர்தோறும் கொள்முதல் நிலையம் வைத்து, அங்கேயே எடை போட்டு, லாரியில் ஏற்றி அனுப்புகின்றனர். பாலும் கொழுந்தும் ஒரே ஜாதிச் சரக்கு. இரண்டும் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவை.

டீசல் செலவுக்கு என்ன சொல்வது?

"அரை லாரிக் கொழுந்துக்காக நேரம் தவறாமல் கிளம்பினால் டீசல் செலவு யார் தலையில்?" என்று பொருளாளர் கேட்பது நியாயம். லாரி நிரம்பும்வரை காத்திருப்பது சிக்கனம் போலத் தோன்றும். ஆனால் மிச்சப்படும் டீசல் கணக்குப் புத்தகத்தில் தெரிகிறது. வெந்த கொழுந்தால் ஏலத்தில் இழந்த தொகை தெரிவதில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். கொழுந்து குறைந்த மாதங்களில், அருகருகே உள்ள இரண்டு சிறு கொட்டகைகளை ஒன்றாக்கி ஒரே நடையில் முடிக்கலாம். பெருகும் வாரங்களில் முற்பகல் ஒரு நடை, பிற்பகல் ஒரு நடை என்று பிரிக்கலாம். எந்த மாதத்திலும் செய்யத் தகாதது, கொழுந்தை ஏற்றி வைத்துக்கொண்டு இன்னும் பத்து மூட்டைக்காக வழியில் நிற்பதாகும்.

செல்லும் ஒழுங்கும் முக்கியம். வழியிலுள்ள கொட்டகைகளில் ஏற்றிக்கொண்டே கடைசி ஊருக்குச் சென்று திரும்பினால், முதலில் ஏறிய கொழுந்து முழு வழியும் லாரியிலேயே வெந்துகொண்டு போய்வரும். வெறும் லாரியாகக் கடைசிக் கொட்டகைவரை சென்று, திரும்பும்போது ஏற்றிவந்தால், எந்தக் கொழுந்தும் தேவைக்கு மேல் பயணம் செய்யாது. தூரம் ஒன்றே; டீசலும் ஏறத்தாழ ஒன்றே.

மழையும் யானையும்

நம் பகுதியில் வேறு இரண்டு எஜமானர்கள் உண்டு. முதலாவது மழை. பக்கத்துத் தேவாலா, தமிழ்நாட்டில் மிக அதிக மழை பெறும் ஊர்களுள் ஒன்று. 2019 ஆகஸ்ட் 8-ஆம் நாளில் நீலகிரியின் அவலாஞ்சியில் 24 மணி நேரத்தில் 82 சென்டிமீட்டர் மழை பதிவான அந்த வாரத்தில், மாவட்டத்தின் பல சாலைகள் மண்சரிவால் அடைபட்டன. தென்மேற்குப் பருவம் தொடங்குமுன்பே ஒவ்வொரு தடத்துக்கும் மாற்றுவழி எது, அவ்வழி லாரியின் பாரத்தைத் தாங்குமா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். சாலை அடைபட்டால் முதற்காரியம், பறிப்பை நிறுத்தும்படி அங்கத்தினருக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்புவது. செடியில் இருக்கும் கொழுந்து ஒரு நாள் பொறுக்கும்; பையில் இருப்பது பொறுக்காது.

இரண்டாவது யானை. சேரங்கோடு, சேரம்பாடிப் பகுதிகளில் அந்தி சாய்ந்தபின் சாலையில் யானை நிற்பது புதுமையன்று. உயிரிழந்தோரும் உண்டு. லாரி இரண்டு மணி தாமதித்தால், எடைக் கொட்டகையில் காத்திருக்கும் பெண்கள் இருட்டிய பிறகே தோட்டத்து வழியாக வீடு திரும்ப நேர்கிறது. தாமதத்தின் விலையைக் கொழுந்தில் மட்டும் அளக்கலாகாது. கடைசிக் கொட்டகையில் எடை முடிய வேண்டிய நேரத்தைச் சூரிய அஸ்தமனத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, அதற்கேற்பப் பிற்பகல் நடையைப் புறப்படச் செய்வது நிர்வாகக் குழுவினரின் கடமை.

தூள் ஏற்றிச் செல்லும் லாரிக்கு இவ்வளவு அவசரம் இல்லை. அதற்கு வேண்டியது ஒழுங்கு. கூடலூரிலிருந்து மைசூர்ப் பக்கம் செல்லும் சாலையில், பந்திப்பூர்க் காட்டில் இரவு 9 மணி முதல் காலை 6 மணிவரை போக்குவரத்துக்கு 2009-இல் தடை விதிக்கப்பட்டது. இத்தகைய வாயில்களை அறிந்து புறப்படும் லாரி, ஓர் இரவைச் சாலையோரத்தில் கழிக்காமல் தப்பும். கொழுந்துக்கு வேகம், தூளுக்கு ஒழுங்கு என்று நினைவில் வைத்தால் போதும்.

நெசவாளர் சங்கங்களுக்கு

நூல் கெட்டுப்போகாது, ஆனால் நூல் இல்லாத தறி நின்றுவிடும். பாவு முடிந்து அடுத்த பாவுக்கு நூல் வராமல் நான்கு நாள் கைகட்டி இருக்கும் நெசவாளிக்கு அந்த நாலு நாள் கூலி போயிற்று. லாரி நிறைய நூல் சேரட்டும் என்று மாதம் ஒருமுறை வரவழைப்பதைவிட, பக்கத்துச் சங்கங்கள் இரண்டு மூன்று சேர்ந்து ஒரே லாரியில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பங்கிட்டு வரவழைப்பது மேல். போகும் லாரி சேலைக் கட்டுகளை ஏற்றிச் சென்று, நூல் பொட்டலங்களோடு திரும்பினால் வெறும் நடை ஒழியும். 1983-இல் தொடங்கிய பொங்கல் இலவச வேட்டி சேலைத் திட்டத்துக்கு நெய்பவர்கள், நாள் தவறினால் என்ன ஆகும் என்பதை நன்கறிவர். அங்கும் நெய்யும் வேகத்தைவிட, நூல் வரவும் துணி அனுப்பும் நாளும் ஒழுங்காக இருப்பதே காரியத்தை முடிக்கிறது.

செய்யத் தக்கவை

1. ஒவ்வொரு லாரிக்கும் ஒரு சீட்டு வைத்து நான்கு நேரங்களைக் குறிக்க வேண்டும்: கொட்டகைக்கு வந்தது, கொட்டகையை விட்டது, தொழிற்சாலை வாயிலை அடைந்தது, இறக்கி முடிந்தது. இரண்டு வாரக் குறிப்பு போதும். எங்கே நேரம் போகிறது என்பது தானே தெரியும்.

2. லாரி வருமுன் எடையும் சீட்டும் முடிந்திருக்க வேண்டும். எடையில் ஐயம் இருப்பவர் கொட்டகையிலேயே கேட்டுத் தெளியலாம். லாரியை நிறுத்தி வழக்காடலாகாது.

3. லாரி குறித்த நேரத்தில் புறப்பட வேண்டும். ஐந்து நிமிஷம் பிந்தியவர் நிர்வாகக் குழு உறுப்பினராயினும் அடுத்த நடைக்கே காத்திருக்க வேண்டும். முறை ஒருவருக்காக வளைந்தால், ஒரு வாரத்தில் எல்லாருக்காகவும் வளைந்துவிடும்.

4. தொழிற்சாலை வாயிலில் ஒவ்வொரு தடத்துக்கும் முறைநேரம் வகுக்க வேண்டும்.

5. கொழுந்தைக் காற்றுப் புகும் வலைப்பையில், அழுத்தாமல் இட்டு, நிழலில் வைக்க வேண்டும். பைமேல் உட்காருவதும் மிதிப்பதும் கூடாது. காலை 8 மணிக்குக் கிள்ளிய கொழுந்துக்குக் கடிகாரம் 8 மணிக்கே ஓடத் தொடங்கிவிடுகிறது. லாரி வரும்போது அன்று.

6. மாதக் கூட்டத்தில் சராசரி நேரத்தை மட்டும் படித்து மகிழாமல், மிகவும் தாமதித்த மூன்று நடைகளை எடுத்துக் காரணம் ஆராய வேண்டும். அங்கத்தினரின் நம்பிக்கையைக் கெடுப்பவை அந்த மூன்று நாள்களே.

இந்த ஆறில் எதற்கும் கடன் மனுப் போட வேண்டியதில்லை. எந்த அலுவலகத்தின் அனுமதிக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. புதிய லாரி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. இருக்கும் லாரி நாளில் எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று அறியாமல் வாங்கும் புதிய லாரியும் அதே வரிசையில், இதற்குப் பின்னால், போய் நிற்கும் என்றே கூறுகிறோம். வரும் திங்கட்கிழமை முதல் நடையிலேயே ஒரு சீட்டும் ஒரு பேனாவும் டிரைவர் கையில் கொடுக்குமாறு ஒவ்வொரு சங்கத்தின் காரியதரிசியையும் கேட்டுக்கொள்கிறோம். பதினைந்து நாள் கழித்து அச்சீட்டுகளைப் பொதுவில் படிக்கும்படி கேட்கும் உரிமை அங்கத்தினர்களுக்கு உண்டு. கேளுங்கள்.